சபையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்

போன வருஷம் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சி மாவட்டம், ரிஷிவந்தியம் பக்கம். தேன் அபிஷேகத்துக்குப் பேர்போன அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கிற ஊர். அதற்குப் பக்கத்துக் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா, ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. அன்றைக்குத் துகில் உரிதல்.

என்னோடு அக்கா மகனும் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மார்பில் டிராகன் படம் போட்ட பனியன். செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே இருந்தவன், சகுனி பகடையைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை நாங்க ஆடுற கேமும் இதேதான். பகடை, வேஷம், சண்டை, சாபம் எல்லாம் உண்டு."

அவன் சொன்னது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருத்தர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தி வீராங்கனை, ஒருத்தன் திருடன். கதவு திறக்குமா, பூதம் சாகுமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். வேஷம் கட்டாத கூத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. விதிகளும் கதைகளும் தடித்தடியான புத்தகங்களாக வரும். முதலில் அதை வெளியிட்ட கம்பெனியை 1997-ல் 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' வாங்கியது. அந்த விஸார்ட்ஸை 1999-ல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மை கம்பெனி வாங்கியது.

"ஆனா அந்த கேமோட உசிரு போயிடுச்சு மாமா. 2023 டிசம்பர்ல எழுதினவங்க, வரைஞ்சவங்கன்னு நிறைய பேரைத் தூக்கிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. அன்னிக்கு நிஜமாவே அழுதுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அழுதியே, அப்புறம் என்ன பண்ணே?"

கொஞ்ச நேரம் ஆர்மோனியச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "2024-ல புது எடிஷன் வந்துச்சு. வாங்கினேன்."

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை இது. ரசிகர்கள் என்கிற ஜாதியின் முழு வரலாறும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

*

கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2023 ஜனவரியில் ஒரு சண்டை நடந்தது. இந்த விளையாட்டின் விதிகளை வைத்து மற்றவர்களும் தங்கள் கதைப் புத்தகங்களைப் போட்டு விற்கலாம் என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓர் அனுமதிப் பத்திரம் இருந்தது. அதைத் திருத்தி, பெரிதாகச் சம்பாதிப்பவர்களிடம் பங்கு கேட்க விஸார்ட்ஸ் திட்டம் போட்டது. வரைவு வெளியே கசிந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். வெறும் கொதிப்போடு நிற்கவில்லை, கம்பெனியின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். அவ்வளவுதான். ஜனவரி 27-ஆம் தேதி கம்பெனி பணிந்தது. பழைய பத்திரம் அப்படியே இருக்கும் என்றது. அதற்கு மேலும் ஒரு படி போய், அடிப்படை விதிகளை யாரும் என்றைக்கும் பயன்படுத்தலாம், திரும்பப் பெறவே முடியாது என்கிற மாதிரி பொதுவெளிக்குத் தந்துவிட்டது. ரசிகர்களுக்கு முழு வெற்றி. பாராட்டுகிறேன்.

இப்போது காலண்டரில் ஒரு தாளைப் பின்னால் புரட்டுங்கள். அதற்கு முந்தின நாள், ஜனவரி 26. அன்றைக்குத்தான் ஹாஸ்ப்ரோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்த ஆண்டு சுமார் ஆயிரம் பேரை, அதாவது மொத்தப் பணியாளர்களில் 15 சதவிகிதத்தைக் குறைக்கப் போகிறோம் என்று.

26-ஆம் தேதி ஆயிரம் பேருக்கு வேலை போகும் செய்தி. 27-ஆம் தேதி வெற்றி விழா. அந்த வெடிச் சத்தத்தில் முந்தின நாள் செய்தி அமுங்கிப் போனது. ஒரு கம்பெனியை மூன்று வாரத்தில் மண்டியிட வைத்த அதே கைகள், அடுத்த செய்திக்கு மட்டும் எழவில்லை. ஏன்? முதலாவது தங்கள் உரிமை. இரண்டாவது வேறு யாருடைய சோறோ.

டிசம்பர் 11 வந்தது. மேலும் 1,100 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கடிதம் எழுதியவர் தலைமை அதிகாரி கிறிஸ் காக்ஸ். இவரே முன்பு விஸார்ட்ஸுக்குத் தலைவராக இருந்தவர். அதற்கு நாலு நாள் முன்னால்தான், அதே டன்ஜன்ஸ் உலகத்தை வைத்து பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் செய்த 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியிருந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்க்கே வருத்தப்பட்டுச் சொன்னார்: முதன்முதலில் இதற்காக விஸார்ட்ஸில் எங்களோடு உட்கார்ந்து பேசியவர்களில் இப்போது அங்கே அநேகமாக யாருமே இல்லை. மேடையில் கோப்பை. கல்யாணம் பேசி முடித்தவர்கள் தெருவில்.

சரி, விஸார்ட்ஸ் நஷ்டத்தில் ஓடியதா? அதுதான் இல்லை. 2023-ல் அந்தப் பிரிவின் வருமானம் ஏறக்குறைய 146 கோடி டாலர். முந்தின ஆண்டைவிடப் பத்து சதவிகிதம் அதிகம். வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளை அதுதான். பொம்மை வியாபாரம் படுத்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2019-ல் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து ஒரு சினிமா கம்பெனியை வாங்கினார்கள். குழந்தைகள் பார்க்கிற பெப்பா பன்றி மாதிரி சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, சினிமா-டி.வி. பிரிவை 2023 கடைசியில் சுமார் 50 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதைச் சொன்னபோது எதிரே சகுனி பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். தருமன் நாட்டை வைத்தான், போயிற்று. தம்பிகளை வைத்தான், போயிற்று. ஆட உட்கார்ந்தவன் ஒருவன். பணயம் வேறு யாரோ. வியாச மகரிஷி எந்த மேனேஜ்மென்ட் படிப்பும் படிக்காமலே இதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

*

துகில் உரிதலில் எனக்கு எப்போதும் கோபம் வருவது துச்சாதனன் மேல் அல்ல. அவன் வில்லன், அவன் வேலையைச் செய்கிறான். எனக்குக் கோபம் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான். பீஷ்மர் உட்கார்ந்திருந்தார். துரோணர் உட்கார்ந்திருந்தார். கிருபர் உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலி மேல் அவர்களுக்குப் பிரியம் இல்லையா? இருந்தது. வருத்தம் இல்லையா? நிறைய இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்கள். விதுரரைத் தவிர, துரியோதனன் தம்பி விகர்ணன் ஒருவன்தான் எழுந்து நின்று, "இது தப்பு" என்றான். பெரியவர்களுக்கு தர்மம் சூட்சுமமாக இருந்தது.

ரசிகர்களும் இந்தச் சபைதான். வேலை போன செய்தி வந்ததும் என்னென்ன பேசினார்கள் என்று மருமகனிடம் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னான். இதில் நீங்களும் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

முதல் வகை, ஒப்பாரி. "என் பால்யம் போச்சு, என் கனவு போச்சு." வேலை போனது எழுதியவருக்கு. துக்கம் விசாரிக்க வேண்டியது உங்களை. நல்ல கதையாக இருக்கிறதே!

இரண்டாவது வகை, ஜோசியம். "இனி அடுத்த புத்தகம் எப்படி இருக்கும்? குறித்த தேதிக்கு வருமா?" பக்கத்து வீடு எரியும்போது பால்காரன் நாளைக்கு வருவானா என்று கேட்பது மாதிரி.

மூன்றாவது வகை, திருப்தி. "புது எடிஷன் கதையே சரியில்லை. போகட்டும், நல்லதுதான்." ஒருத்தர் எழுதியது பிடிக்கவில்லை என்றால் விமர்சனம் எழுதலாம். அவர் வீட்டு அடுப்பு அணைந்ததைக் கொண்டாடுவது விமர்சனம் ஆகாது.

நாலாவது வகை, வசவு. தலைமை அதிகாரியைத் திட்டித் தீர்ப்பது. இது கொஞ்சம் தேவலை. ஆனால் திட்டு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். கல்லாவுக்கு வலிக்காத வரை அவருக்கும் வலிக்காது.

ஐந்தாவதாக ஒரு சின்ன கூட்டம் இருந்தது. வேலை போனவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து, அவர்கள் தனியாக எழுதிய புத்தகங்களை வாங்கி, வேறு வேலை எங்கே காலி என்று சொல்லி அனுப்பியவர்கள். இவர்கள்தான் விகர்ணர்கள். கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் நூறு கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

*

இவ்வளவு வீராவேசமாகப் பேசினேனா, மருமகன் ஒரு போடு போட்டான்.

"எல்லாம் சரி மாமா. அம்புலிமாமா நின்னு போச்சே, அப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

வாயடைத்துப் போனேன்.

அம்புலிமாமா! 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கியது. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. சென்னை வடபழனியிலிருந்து பல மொழிகளுக்கும் போனது. முருங்கை மரத்தில் ஏறி வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைத் தெரியாத தமிழன் அந்தத் தலைமுறையில் உண்டா? வரைந்தவர் சங்கர். 1952-ல் சேர்ந்து சுமார் அறுபது ஆண்டுகள் வரைந்தார். அந்தப் படம் தெரிந்த எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2020-ல் அவர் இறந்த பிறகு, 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தெலுங்குப் பதிப்பின் ஆசிரியப் பணியைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்த கொடவடிகண்டி குடும்பராவ் பெயர் ஆசிரியர் என்று அச்சாகவில்லை. தாசரி சுப்ரமணியத்தின் தொடர்கதைகளும் அவர் பெயர் இல்லாமலே வந்தன. வீடு வீடாக மணந்தது பத்திரிகையின் பெயர். பூக்கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

1998-ல் தொழிலாளர் தகராறில் அம்புலிமாமா நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. 2007-ல் மும்பை மென்பொருள் நிறுவனமான ஜியோடெசிக் வாங்கியது. 2013 வாக்கில் ஒரேயடியாக நின்றுபோனது.

1998-ல் இந்த மருமகனுக்கு ஆறு வயது. அவனுக்காகத் திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் மாதாமாதம் அம்புலிமாமா வாங்குவேன். ஒரு மாதம் இல்லை என்றார் கடைக்காரர். அடுத்த மாதமும் இல்லை. "என்னய்யா, ஒரு புத்தகம் ஒழுங்கா வரவழைக்க முடியலையா?" என்று அந்த மனிதரிடம் எரிந்து விழுந்தேன். ஏன் வரவில்லை, அங்கே வேலை செய்தவர்கள் என்ன கேட்டார்கள், அவர்கள் வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. அம்புலிமாமாவை நேசித்தேன் என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறேன். எதை நேசித்தேன்? காகிதத்தையா?

ஆக, நானும் பீஷ்மர்தான். தாடி ஒன்றுதான் குறைச்சல்.

*

"சரி, ரசிகன் வேற என்னதான் மாமா பண்ண முடியும்? நான் வாங்காம விட்டா மிச்சம் இருக்கறவங்க வேலையும் போகுமே?"

நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு புறக்கணிப்பதை நானும் ஆதரிக்கவில்லை. அது சில சமயம் அடிபட்டவனை மறுபடி அடிப்பதில் முடியும். ஆனால் "வாங்காமல் விட்டால் பாவம்" என்பதை, ஒன்றும் செய்யாமல் இருக்கச் சாக்காக வைத்துக்கொள்வதையும் ஏற்க முடியாது. செய்ய வேண்டியது என்ன என்பதற்கு அதே தொழிலில் ஓர் உதாரணம் இருக்கிறது.

2021 அக்டோபரில், 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டை வெளியிடும் பைஸோ கம்பெனியில் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். இந்த மேஜை விளையாட்டுத் தொழிலில் அதுதான் முதல் சங்கம். கம்பெனிக்கு வெளியிலிருந்து துண்டு துண்டாக எழுதிக் கொடுக்கும் எழுத்தாளர்கள் பலர், சங்கத்தை அங்கீகரிக்கும் வரை எழுத மாட்டோம் என்று பேனாவைக் கீழே வைத்தார்கள். ரசிகர்களும் பின்னால் நின்றார்கள். அந்த மாதமே கம்பெனி தானாக முன்வந்து சங்கத்தை அங்கீகரித்தது.

இதில் ரசிகர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். முதலில் பேசியது தொழிலாளி. என்ன வேண்டும் என்று சொன்னது தொழிலாளி. ரசிகன் அதைக் கேட்டு, அதற்குத் தோள் கொடுத்தான். தன் பால்யத்தையும் தன் கனவையும் நடுவே கொண்டுவந்து போடவில்லை. வாங்கு என்று அவர்கள் சொன்னால் வாங்குங்கள். நிறுத்து என்றால் நிறுத்துங்கள். ஆள் குறைப்பு என்று செய்தி வந்தால் கம்பெனிக்கு மூன்று கேள்வி எழுதுங்கள். எத்தனை நாள் முன்னால் சொன்னீர்கள்? போகிறவர் கையில் என்ன கொடுத்தீர்கள்? தப்புக் கணக்குப் போட்ட மேலிடத்தில் யாருக்கு என்ன குறைந்தது? என் அடுத்த ரூபாய் உங்கள் பதிலைப் பொறுத்தது என்று கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். ஓர் அனுமதிப் பத்திரத்துக்காக இதைச் செய்ய முடிந்தது. ஆயிரம் குடும்பத்துக்காக முடியாதா?

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம், நம்ம ரசிகனுக்கு இந்த ஞானம் எல்லாம் கிடையாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த 1,100 பேர் செய்தி வந்த அதே 2023 டிசம்பரில், 28-ஆம் தேதி விஜயகாந்த் இறந்தார். 2011-ல் இதே ரிஷிவந்தியம் தொகுதியில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர். அவர் தொகுதிக்கு என்ன செய்தார் என்பதில் எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அன்றைக்குச் சென்னைக்குத் திரண்ட அத்தனை கூட்டமும் எதைச் சொல்லி அழுதது? அவர் உதைத்த உதையையா? பேசிய பஞ்ச் டயலாக்கையா? இல்லை. "ஹீரோவுக்கு என்ன சாப்பாடோ, அதுதான் லைட்மேனுக்கும் என்று போட்ட மனுஷன்" என்றுதான் வாய்க்கு வாய் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நடிகரைத் தமிழ் ரசிகன் கடைசியில் அளந்த அளவுகோல், கூட வேலை செய்தவன் இலையில் என்ன இருந்தது என்பது. திரையில் ஒருநாளும் தெரியாத இலை அது. அளவுகோல் நம் கையில்தான் இருக்கிறது. ஆள் செத்த பிறகு எடுக்கிறோம். இருக்கும்போதே, ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு சேனலுக்கும், ஒவ்வொரு பத்திரிகைக்கும் எடுத்தால் என்ன? இதோ, இந்தப் பக்கத்தை வடிவமைத்தவர், பிழை திருத்தியவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எழுதுகிற எனக்கே இதுவரை தெரியாது. இந்த வாரம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறேன்.

கூத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பிடித்த வேஷக்காரருக்கு யாராவது பத்தோ ஐம்பதோ கொடுத்தால், கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் வாங்கியவரையும் ஊரறியச் சொல்வான். காசு நேராக ஆடியவர் கைக்குப் போகும். அதற்காக ஊரை ரொம்பவும் புகழ வேண்டாம். திருவிழா முடிந்தால் அடுத்த சித்திரை வரை அந்தக் கலைஞர் எந்த வயலில் கூலிக்குப் போகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கில் திருவிழாவே இல்லாமல் ஒரு சீசன் முழுக்கப் போனபோதும் பெரும்பாலோர் விசாரிக்கவில்லை.

அன்றைக்குத் துகில் காட்சி வந்ததும் பாஞ்சாலி வேஷத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். பெண்கள் கும்பிட்டார்கள். விடிந்தது. கொட்டகைக்குப் பின்னால் அதே பாஞ்சாலி, தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த மனிதர். மருமகன் தயங்கித் தயங்கிப் போய்ப் பெயர் கேட்டான். சொன்னார். கையில் ஏதோ கொடுத்தான். வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்:

"தம்பி எங்க வேலை?"

"மெட்ராஸ்ல. கம்ப்யூட்டர் கம்பெனிங்க."

"அங்கயும் திடீர்னு ஆளைக் குறைக்கிறாங்களாமே? உனக்கு ஒண்ணும் பிரச்னை இல்லையே?"

மருமகன் பதில் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க அவரைப் படம் பிடித்தவன் அவன். அவனுடைய வேலையைப் பற்றி விசாரித்தவர் அவர். ரசிகன் யார் என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.